'ராம்-லாக்' யாரு? ஒரு பல்கலைக்கழகமும் அதோட 'ஸ்கோப் இல்லாத' துறைகளும்

இந்த வார எபிசோடு ஒரு சாஃப்ட்வேர் செட்டிங்ல இருந்து ஆரம்பிக்குது.

மேட்லாப் யூஸ் பண்ணவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுல 'ஐரேடான்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஒரு பொருளைச் சுத்திப் பல கோணத்துல எடுத்த எக்ஸ்-ரே தகவலைக் கொடுத்தா, அந்தப் பொருளோட உள்பக்கப் படத்தை அது திருப்பிக் கட்டிக் கொடுக்கும். சி.டி. ஸ்கேன் மெஷின் அடிப்படையில் செய்யும் வேலையும் இதுதான். அந்த ஃபங்ஷன்கிட்ட எந்த ஃபில்டர் வேணும்னு நீங்க சொல்லாம விட்டா, அது தானாவே ஒண்ணை எடுத்துக்கும். அந்த டீஃபால்ட் ஃபில்டரோட பேரு 'ராம்-லாக்'.

கேட்டா ஏதோ ஹார்ட்வேர் கம்பெனி பேரு மாதிரி இருக்கு. ஆனா ராம்னா ராமச்சந்திரன், லாக்னா லட்சுமிநாராயணன். 1971-ல இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரையில இருந்து வந்த பேரு அது.

அந்த ஜி.என். ராமச்சந்திரன் ஸ்கேன் ஆளே கிடையாது. அவர் ஒரு இயற்பியலாளர். உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடப் புத்தகங்கள்ல அவர் பேர் வேற ஒரு விஷயத்துக்காக இருக்கு. அந்த விஷயம் தொடங்கின இடம் சென்னைப் பல்கலைக்கழகம். அதுக்கான மூலப்பொருள் வந்தது தோல் பதனிடுதலை ஆராயும் ஒரு நிறுவனத்துல இருந்து.

இயற்பியல், தோல், புரதம், ஸ்கேன். இந்த நாலும் ஒரே மனுஷனோட வாழ்க்கையில எப்படி வந்து சேர்ந்துச்சு? இதைப் பேசினா, ஒரு பல்கலைக்கழகத்துல ஏன் இத்தனை துறைகள் இருக்குங்கிற கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

முதல்ல, ஏன் இந்தக் கேள்வி

நான் படிச்சது ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பேர் வேண்டாம், நம்ம ஊர்ல எல்லா காலேஜும் கிட்டத்தட்ட அதே டிசைன்தான். சி.எஸ்.இ., ஐ.டி., ஈ.சி.இ., மெக்கானிக்கல், சிவில். கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி 'எஸ் அண்ட் ஹெச்'னு ஒரே துறை. முதல் வருஷத்தோட அவங்க வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது. நாலு வருஷத்துல ஒரு வரலாற்று மாணவரையோ, தாவரவியல் மாணவரையோ, மொழியியல் மாணவரையோ நான் கேம்பஸ்ல பார்த்ததே இல்ல. அப்படி யாரும் அங்க இல்ல.

இதுல யாரையும் குறை சொல்றதுக்கு இல்ல. வேலைக்கு ஆள் தயார் பண்றதுதான் நோக்கம்னா அந்த டிசைன் சரிதான். ஆனா அங்க படிச்ச நம்ம மண்டையில ஒரு விஷயம் பதிஞ்சிடுது. அறிவுன்னா வேலை கிடைக்கிற பிராஞ்ச், மத்ததெல்லாம் பொழுதுபோக்கு. சொந்தக்கார வீட்டுல ஒரு பொண்ணு தாவரவியல் எடுக்கப் போறேன்னு சொன்னா, "அதுக்கு என்ன ஸ்கோப்?"னு கேட்கிறவங்க பெரும்பாலும் நம்மளை மாதிரி ஆட்கள்தான்.

அந்தக் கேள்வியை இன்னைக்கு கொஞ்சம் சீரியஸா எடுத்துப்போம். எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு பல்கலைக்கழகம்: சென்னை.

தேர்வு நடத்துற ஆபீஸா இருந்த காலம்

சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சது 1857-ல. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியா வெச்சு அமைச்சாங்க. அப்போ அது பாடம் நடத்தல, ஆராய்ச்சியும் பண்ணல. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வெச்சு பட்டம் கொடுக்கும். அவ்வளவுதான்.

1904-ல வந்த இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம்தான் பல்கலைக்கழகங்களே பேராசிரியர்களை நியமிக்கலாம், ஆராய்ச்சி நடத்தலாம்னு வழி விட்டுச்சு. அதுக்கப்புறம் நடந்தது ஒவ்வொண்ணா சுவாரஸ்யமா இருக்கு.

1913-ல மாதம் 75 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு, ஒரு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தாங்க. வாங்கினவர் சென்னைத் துறைமுகத்துல மாதம் 30 ரூபாய் சம்பளத்துல கிளார்க்கா இருந்தவர். அவர்கிட்ட டிகிரி இல்ல. விதிப்படி முதுகலைப் பட்டம் இருக்கணும். கணிதம் தெரிஞ்ச சிலர் அவருக்காகப் பேசினாங்க. அவங்கள்ல ஒருத்தர் கில்பர்ட் வாக்கர். அப்போ அவர் இந்திய வானிலைத் துறையோட தலைவர். அடிப்படையில் கணிதம் படிச்சவர். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் விதியைத் தாண்டி முடிவெடுத்துச்சு. அந்த கிளார்க் சீனிவாச ராமானுஜன்.

அதே 1913-ல இன்னொரு வேலையும் தொடங்குச்சு: ஒரு பெரிய தமிழ் அகராதி. மதுரையில இருந்த சாண்ட்லர் என்ற அமெரிக்க மிஷனரி முதல் பதிப்பாசிரியர். 1926-ல வையாபுரிப் பிள்ளை பொறுப்புக்கு வந்தார். 1924-ல இருந்து 1936 வரைக்கும் பகுதி பகுதியா வெளிவந்து, 1939-ல பிற்சேர்க்கையோட முடிஞ்சுது. ஒரு லட்சத்துக்கும் மேல சொற்கள். ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள், அந்தப் பொருள் எந்த நூல்ல வருதுன்னு மேற்கோளோட இருக்கும். அதுதான் 'தமிழ் லெக்சிகன்'. சிகாகோ பல்கலைக்கழகம் அதை டிஜிட்டலா மாத்தி இணையத்துல இலவசமா வெச்சிருக்கு. இன்னைக்கு நீங்க ஒரு பழந்தமிழ்ச் சொல்லைத் தேடினா, போய் நிக்கிற இடம் பெரும்பாலும் அதுதான்.

யோசிச்சுப் பாருங்க, தொடங்கி முடிய கால் நூற்றாண்டு ஆன ஒரு புராஜெக்ட். நம்ம ஊர் ஸ்பிரிண்ட் பிளானிங்ல இதைச் சொன்னா மீட்டிங்கை விட்டே அனுப்பிடுவாங்க.

பொருளியல் பக்கம் வந்தா, கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு பேராசிரியர். 1916-ல அவர் மாணவர்களை அவங்கவங்க சொந்த ஊருக்கே அனுப்பி, யார்கிட்ட எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன்னு கணக்கெடுக்கச் சொன்னார். 1918-ல அது புத்தகமா வந்துச்சு. அதுல ஒரு ஊர் இருவேல்பட்டு, இன்னைக்கு விழுப்புரம் மாவட்டம். 1930-கள்ல மறுபடியும் அதே ஊர்களுக்குப் போய் கணக்கெடுத்தாங்க. அப்புறமும் வேற வேற ஆய்வாளர்கள் போனாங்க. 2008 வரைக்கும் அந்த ஒரு ஊரைப் பத்தின தகவல் இருக்கு. 90 வருஷத்துக்கு மேல ஒரே ஊரோட லாக் ஃபைல்! ஒரு தமிழ்நாட்டு கிராமத்துல நிலமும் கூலியும் சாதி உறவும் ஒரு நூற்றாண்டுல எப்படி மாறுச்சுன்னு ஆதாரத்தோட பேச முடியுதுன்னா, அதுக்கு முதல் என்ட்ரி போட்டவங்க லீவுல ஊருக்குப் போன மாணவர்கள்.

தாவரவியல்ல எம்.ஓ.பி. அய்யங்கார். பாசிகளை ஆராய்ஞ்சவர். ஆமா, குளத்துல வழுக்குற பாசிதான். ஈரமான மண்ணுல வளர்ற ஒரு பாசி வகையை 1932-ல விவரிச்சு, தன் ஆசிரியர் ஃப்ரிட்ஷைக் கௌரவிச்சு 'ஃப்ரிட்ஷியெல்லா'ன்னு பேர் வெச்சார். தாவரங்கள் தண்ணியில இருந்து நிலத்துக்கு எப்படி வந்திருக்கும்னு பேசுற பாடங்கள்ல அந்தப் பேர் இன்னைக்கும் வருது. வரலாற்றுத் துறையில நீலகண்ட சாஸ்திரி கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் வெச்சு 1930-கள்ல சோழர் வரலாற்றை எழுதினார்.

எண் கணிதம், அகராதி, கிராமத்துக் கடன், பாசி, கல்வெட்டு. ஒரே பல்கலைக்கழகம், ஏறக்குறைய ஒரே தலைமுறை.

தோலும் இயற்பியலும்

இப்போ ராமச்சந்திரன் கதைக்கு வரலாம்.

அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல சேர்ந்தது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்க. அங்கதான் சி.வி. ராமன்கிட்ட வந்து இயற்பியலுக்கு மாறினார். அப்புறம் கேம்பிரிட்ஜ் போய் ஆராய்ச்சி. 1952-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் துறைத் தலைவர். அப்போ அவருக்கு சுமார் 30 வயசு. அந்த வயசுக்காரரை நம்பி ஒரு துறையையே ஒப்படைச்ச துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அவர் ஒரு மகப்பேறு மருத்துவர்.

அந்தச் சமயத்துல சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, பேச்சுவாக்குல ஒரு விஷயம் சொன்னார்: கொலாஜன் என்ற புரதத்தோட அமைப்பை இன்னும் யாரும் சரியா கண்டுபிடிக்கலன்னு.

கொலாஜன் நம்ம தோல், எலும்பு, தசைநாண் எல்லாத்துலயும் இருக்குற புரதம். உடம்பைக் கட்டி நிறுத்துற கயிறுன்னு வெச்சுக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைல தோல் பதனிடுறாங்க இல்லையா? பதனிடுறதுன்னா என்ன? தோல்ல இருக்குற மத்ததையெல்லாம் நீக்கிட்டு, மிஞ்சுற கொலாஜன் இழைகளை அழுகாம நிலைக்க வைக்கிறது. அதனால தோல் ஆராய்ச்சிக்காரங்களுக்குக் கொலாஜன் அன்றாட விஷயம்.

1948-ல தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நாம சி.எல்.ஆர்.ஐ.ன்னு சொல்ற இடம், கிண்டி வளாகத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. ராமச்சந்திரன் குழுவுக்குக் கொலாஜன் மாதிரி கிடைச்சது அங்கிருந்துதான். எக்ஸ்-ரே அனுப்பிப் படம் எடுத்து, அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் வெச்சு மாடல் கட்டி, 1954-ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து 'நேச்சர்' இதழ்ல வெளியிட்டார். கொலாஜன் ஒரு சங்கிலி இல்ல. மூணு சங்கிலி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து முறுக்கிக்கிட்டு இருக்கு. சடை பின்னலை நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அதுதான்.

அதோட கதை முடியல. டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் இதே புரதத்துல வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. மூணு சங்கிலின்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா சென்னை மாடல்ல சில அணுக்கள் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நெருக்கமா இருக்கு, அது சாத்தியமில்லன்னு ஆட்சேபம் சொன்னாங்க. நுணுக்கங்கள்ல அந்த வாதம் பல வருஷம் ஓடுச்சு.

நெருக்கமா இருக்குன்னு சொல்றீங்களே, எவ்வளவு நெருக்கம் வரைக்கும் அனுமதி? ராமச்சந்திரனோட அடுத்த வேலை இந்தக் கேள்வியில இருந்துதான் வந்துச்சு. அதுவரைக்கும் வெளியான படிகங்களோட அளவுகளை எல்லாம் தோண்டி எடுத்து, எந்த ரெண்டு அணு எவ்வளவு கிட்ட வரலாம்னு ஒரு பட்டியல் போட்டாங்க.

அடுத்த படியை இப்படி நினைச்சுக்கோங்க. புரதம் ஒரு நீள சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலயும் திரும்பக்கூடிய ரெண்டு மூட்டு இருக்கு. நம்ம கையில தோள் மூட்டும் முழங்கை மூட்டும் மாதிரி. கையை எப்படி வேணா திருப்பலாம்னு தோணும், ஆனா சில நிலைகள்ல முன்கை உடம்புல இடிக்கும். அதே மாதிரி, ரெண்டு கோணத்துக்கும் எல்லா மதிப்பும் போட்டுப் பார்த்து, எங்கெல்லாம் அணுக்கள் இடிக்குதோ அதையெல்லாம் அடிச்சுட்டாங்க. ஒரு சதுரத்துல வரைஞ்சா பெரும்பகுதி தடை செய்யப்பட்ட இடம். சில தீவுகள் மட்டும்தான் மிச்சம். இயற்கையில புரதங்கள் எடுக்குற முக்கிய வடிவங்கள் எல்லாம் அந்தத் தீவுகளுக்குள்ளதான் விழுது.

சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோட சேர்ந்து 1963-ல வெளியிட்ட அந்தப் படம்தான் 'ராமச்சந்திரன் பிளாட்'. நம்ம பாஷையில சொன்னா, புரதத்துக்கான இன்புட் வேலிடேஷன். இன்னைக்கும் உலகப் புரதத் தரவு வங்கியில ஒரு புது அமைப்பைச் சேர்த்தா, அதோட சோதனை அறிக்கையில 'ராமச்சந்திரன் அவுட்லையர்ஸ்' எத்தனைன்னு ஒரு வரி இருக்கும். ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024-ல வேதியியல் நோபல் கொடுத்தாங்களே, அந்த ஏ.ஐ. பயிற்சி எடுத்தது அந்தத் தரவு வங்கியில இருக்குற அமைப்புகளை வெச்சுதான்.

அங்கிருந்து ஸ்கேனுக்கு

எக்ஸ்-ரே படத்துல இருந்து உள்ள இருக்குற அமைப்பைக் கண்டுபிடிக்கிறதுதான் ராமச்சந்திரனோட முழுநேரக் கணக்கு. சென்னையை விட்டுப் போனதுக்கு அப்புறம், அதே வகைக் கணக்கை வேற ஒரு இடத்துல போட்டார்.

பல கோணத்துல எடுத்த நிழல்களை அப்படியே பின்னோக்கிப் பரப்பிச் சேர்த்தா, படம் மங்கலா கலங்கித்தான் வரும். நிழல்ல இருந்து உருவத்தைத் திரும்பப் பெற முடியும்னு ஜோஹன் ரேடான் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர் 1917-லயே நிரூபிச்சுட்டார். அப்போ அதுக்கு எந்த மெஷினும் இல்ல, வெறும் கணிதம். மேட்லாப் ஃபங்ஷன் பேர்ல இருக்குற ரேடான் அவர்தான். 1971-ல ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் செஞ்சது, ஒவ்வொரு நிழலையும் பரப்புறதுக்கு முன்னாடியே ஒரு எளிய எடைப் பட்டியலால ஃபில்டர் பண்றது. ஃபூரியர் மாற்றத்துக்குப் போய்த் திரும்பி வராமலே, கம்ப்யூட்டர்ல வேகமா தெளிவான படம் கிடைச்சுது. அதே 1971-ல லண்டன்ல ஹவுன்ஸ்ஃபீல்டு குழு முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தது தனிக் கதை. மெஷின் ஒரு பக்கம் வந்துச்சு, கணக்கு இன்னொரு பக்கம் வந்துச்சு.

சரி, இதுல இருந்து என்ன எடுத்துக்கிறது?

"பாருங்க, எல்லா ஆராய்ச்சியும் கடைசியில காசாகும்"னு நான் சொல்ல வரல. அது உண்மையும் இல்ல. பெரும்பாலான ஆய்வுகள் எந்த மெஷினுக்கும் போகாது. பட்டத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் எழுதப்படுற சத்தில்லாத ஆய்வுகளும் நிறைய இருக்கு. தமிழ் லெக்சிகன் ஸ்கேன் மெஷின்ல வேலை செய்யாது. ஆனா மொழிக்கு அதைவிட வேண்டிய பொருள் எது? அது தன்னளவுலயே பயன்தான்.

நான் கவனிச்சது மூணு விஷயம்.

ஒண்ணு, எது எங்க உதவும்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. 1952-ல ஒரு கமிட்டி உட்கார்ந்து, "எதிர்காலத்துல புரத ஏ.ஐ. வரும், அதுக்கு இப்பவே தோல்ல எக்ஸ்-ரே அடிப்போம்"னு பிளான் போட்டிருக்க முடியாது. அதனாலதான் துறைகளோட அகலம் முக்கியம். நம்ம ஆளுங்க இன்வெஸ்ட்மென்ட்ல டைவர்சிஃபிகேஷன் பத்தி மணிக்கணக்கா பேசுவோம். அறிவு விஷயத்துல மட்டும் எல்லாப் பணத்தையும் ஒரே ஷேர்ல போடச் சொல்லுவோம்.

ரெண்டாவது, பக்கத்துல இருக்கணும். இயற்பியல் ஆய்வகத்துக்கும் தோல் நிறுவனத்துக்கும் நடுவுல இருந்தது நடக்குற தூரம். பெரிய எம்.ஓ.யு. எதுவும் இல்லாமலே, போய்க் கேட்டு வாங்கிட்டு வரலாம். ஒரே துறை மட்டும் இருக்குற கேம்பஸ்ல இந்த மாதிரி தற்செயல் நடக்க வழியே இல்ல.

மூணாவது, நிறுத்தினா திரும்ப வராது. ஆள் சேரல, ஸ்கோப் இல்லன்னு ஒரு துறையை மூடுறது கோடுல ஒரு மாட்யூலை நீக்குற மாதிரி இல்ல. அங்க ரீவர்ட் கமிட் கிடையாது. கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச ஆசிரியர் ஓய்வு பெற்று, அவர்கிட்ட கத்துக்க அடுத்த ஆள் இல்லன்னா, கல்வெட்டு அங்கேயேதான் இருக்கும், படிக்கத்தான் ஆள் இருக்க மாட்டாங்க. இருவேல்பட்டுல நடுவுல விட்டுப்போன வருஷங்களை இப்போ போய்க் கணக்கெடுக்க முடியாது.

இதை நான் சொல்றது பல்கலைக்கழக நிர்வாகிகளுக்கு மட்டும் இல்ல. துறைகள் காலியாகுறதுல நம்ம வீட்டு ஹாலுக்கும் பங்கு இருக்கு. "என்ன ஸ்கோப்?"ங்கிற கேள்வி நியாயமானதுதான், சாப்பாட்டுக்கு வழி வேணும். முதல் தலைமுறையா படிக்க வர்ற ஒரு குடும்பத்தைப் பார்த்து "ஆர்வத்தைப் பின்தொடருங்க"ன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஐ.டி. சம்பளம் வாங்குற நம்ம வீட்டுப் பிள்ளைங்க பாசி படிக்கணும்னு கேட்டா, அந்த ரிஸ்க்கை எடுக்க வேண்டியது நாமதானே? நாமளும் மாட்டோம்னா வேற யாரு எடுப்பாங்க?

அதனால இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். 'சோத்கங்கா'ன்னு ஒரு தளம் இருக்கு, இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஹெச்.டி. ஆய்வேடுகளை இலவசமா படிக்கலாம். உங்க ஊர்ப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்க. நீங்க கேள்வியே பட்டிராத ஒரு துறைக்குள்ள போங்க. ஒரு தலைப்பை எடுத்து, முன்னுரையை மட்டும் படிங்க. சலிப்பா இருந்தா அடுத்ததுக்குப் போங்க. அஞ்சாவதுக்குள்ள ஒண்ணு உங்களைப் பிடிச்சு நிறுத்தும்னு நான் நம்புறேன்.

உங்களுக்கு எது சிக்குச்சுன்னு எழுதி அனுப்புங்க. நல்லா இருக்குற சிலதை அடுத்த எபிசோடுல படிக்கிறேன். அந்த ஆய்வாளர்கள் சம்மதிச்சா, மைக் முன்னாடி உட்கார வெச்சும் பேசலாம். அதுவரைக்கும், டேக் கேர் மக்களே.